லாரி டோபிக்குக் கிடைத்த இடம் இரண்டாவதாக வந்ததற்கான சலுகையா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் எண்களைப் பற்றிய கேள்வி. 253 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலிக்கு வெளியே போகும் அடி), .283 பேட்டிங் ஆவரேஜ், இவ்வளவுதான் கணக்கு என்றால் லாரி டோபி தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் எப்படிப் போனார், இதைவிடப் பெரிய எண்களோடு வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்களே என்கிறீர்கள். கூடவே, ஒரு தளத்தில் இருக்கும் எண் இன்னொரு தளத்தில் இல்லையே, எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியில் நீங்கள் உண்மையில் கேட்க வருவது வேறு என்று நினைக்கிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனுக்கு அடுத்தபடியாக வந்த கறுப்பின வீரர் என்பதற்காக, சுமாரான ஒரு ஆட்டக்காரருக்குக் கருணையாகக் கொடுத்த இடமா இது என்பதுதானே?

இல்லை என்பது என் பதில். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே அவருக்கு அந்த இடம் உண்டு. சொல்லப்போனால் இரண்டாவதாக வந்தது அவருக்கு உதவவே இல்லை, அவரை மறைக்கத்தான் செய்தது. நான் பள்ளி, கல்லூரி அளவில் பல வருடம் பேஸ்பால் ஸ்கோர் எழுதியவன், பழைய ஸ்கோர் ஷீட்களைத் துருவிக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்கு. வரலாற்று ஆய்வாளர் இல்லை. அதனால் ஸ்கோர் ஷீட்டில் இருப்பதைத் தைரியமாகச் சொல்வேன். உடை மாற்றும் அறையில் நடந்ததாகச் சொல்லப்படுவதையெல்லாம் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன்.

டோபி 1923-இல் தென் கரோலினாவின் கேம்டன் ஊரில் பிறந்தவர். பதின்ம வயதில் நியூ ஜெர்சியின் பேட்டர்சனுக்கு வந்து, ஈஸ்ட்சைட் உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால், தடகளம் என்று நான்கிலும் ஆடினார். 1942-இல் நீக்ரோ லீக் (கறுப்பின வீரர்களுக்கென இருந்த தனி லீக்) அணியான நியூவர்க் ஈகிள்ஸில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. காசு வாங்கி ஆடுவது தெரிந்தால் அமெச்சூர் தகுதி போய்விடும் என்பதால் 'லாரி வாக்கர்' என்ற பொய்ப் பெயரில் ஆடினார். அடுத்த வருடமே போருக்கு அழைப்பு வந்துவிட்டது. கடற்படையில் சேர்ந்து, கடைசியில் பசிபிக்கில் உலித்தி என்ற பவளத் தீவில் இருந்தார். புரூக்ளின் டாட்ஜர்ஸின் மான்ட்ரியல் கிளை அணி ராபின்சனை ஒப்பந்தம் செய்த செய்தியை 1945 இறுதியில் அங்கேதான் ரேடியோவில் கேட்டார். அதுவரை பேஸ்பாலைத் தன் வாழ்நாள் தொழிலாக அவர் நினைத்திருக்கவே வழியில்லை, ஏனென்றால் மேஜர் லீக் கதவு இவரைப் போன்றவர்களுக்கு மூடிக் கிடந்தது.

1946-இல் திரும்பி வந்து ஈகிள்ஸுக்கு செகண்ட் பேஸ் ஆடினார். பக்கத்தில் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர் மான்டி இர்வின், அவரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமர். அந்த வருடம் இவர்கள் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸை ஏழு ஆட்டத் தொடரில் வென்று நீக்ரோ லீக் சாம்பியன் ஆனார்கள். 1947 ஜூலையில் கிளீவ்லாண்ட் இந்தியன்ஸ் முதலாளி பில் வீக், ஈகிள்ஸின் உரிமையாளர் எஃபா மேன்லியிடம் டோபியின் ஒப்பந்தத்தை வாங்கினார். பத்தாயிரம் டாலர், ஒரு மாதம் அணியில் நிலைத்தால் இன்னும் ஐயாயிரம். இந்தத் தொகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டாம். ராபின்சனை எடுத்துக்கொண்டபோது டாட்ஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி, ராபின்சன் அதுவரை ஆடிய மோனார்க்ஸ் அணிக்கு ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்குவதே அங்கே பெரிய மரியாதையாக இருந்த காலம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்கு இது முக்கியம். ராபின்சன் 1946 முழுவதும் மான்ட்ரியலில் மைனர் லீக் ஆடிவிட்டு, வசந்தகாலப் பயிற்சியையும் முடித்துவிட்டுத்தான் புரூக்ளினுக்கு வந்தார். ரிக்கி ஒன்றரை வருடம் திட்டம் போட்டுச் செய்த காரியம் அது. டோபி ஜூலை 4-ஆம் தேதி நியூவர்க்கில் ஆடினார், ராத்திரி ரயில் ஏறினார், 5-ஆம் தேதி சிகாகோ கமிஸ்கி பார்க்கில் மேஜர் லீக் பிளேட்டில் நின்றார். நடுவில் ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லை. பின்ச் ஹிட்டராக, அதாவது வேறொருவருக்குப் பதில் பேட் செய்ய இறங்கி, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனார். ராபின்சன் ஏப்ரல் 15-இல் ஆடத் தொடங்கி அப்போது பதினோரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வாரத்தில் நாடு திருந்திவிட்டது என்று நினைக்க ஒன்றுமில்லை. தவிர மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ராபின்சன் நேஷனல் லீக், டோபி அமெரிக்கன் லீக். சில ஊர்கள் பொதுவானவை என்றாலும் எதிரணிகள் வேறு, மைதானங்களும் பெரும்பாலும் வேறு. ராபின்சன் வாங்கிய வசவால் டோபிக்கு வசவு குறையவில்லை. இருவரும் அடிக்கடி தொலைபேசியில் பேசிக்கொண்டதாகவும், இருவருக்கும் நடந்தது ஒன்றேதான் என்றும் டோபி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த முதல் நாளைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு, அவற்றைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மேனேஜர் லூ பூட்ரோ அவரை ஒவ்வொருவரிடமும் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினார், சிலர் கை கொடுக்க மறுத்தார்கள், இது உறுதி. டோபியே பலமுறை சொன்னது. ஆனால் எத்தனை பேர் என்பது சொல்பவரைப் பொறுத்து, வருடத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் எண்ணிக்கை போட்டு எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பந்து போட்டுப் பழகும்போது இவர் தனியாக நின்றார், ஜோ கார்டன் வந்து தன்னோடு பந்து போடக் கூப்பிட்டார். இதுவும் டோபி சொன்னதுதான், அவர் கடைசிவரை மறக்காத விஷயம். கார்டன் அணியின் செகண்ட் பேஸ்மேன், அதாவது டோபி ஆடக்கூடிய இடத்தைப் பிடித்துவைத்திருந்தவர் என்பது வேறு விஷயம்.

இதே கார்டனைப் பற்றி இன்னொரு கதை இணையமெங்கும் சுற்றுகிறது. டோபி மோசமாக ஸ்ட்ரைக் அவுட் ஆகித் தலை குனிந்து உட்கார்ந்தாராம், அடுத்து இறங்கிய கார்டன் வேண்டுமென்றே மூன்று பந்தையும் கோட்டைவிட்டு, தானும் தலை குனிந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். கண் கலங்கவைக்கும் கதை, பில் வீக் பின்னாளில் எழுதியது. ஸ்கோர் ஷீட்டில் இது நிற்கவில்லை. டோபி அவுட் ஆனபோது கார்டன் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்தார், அடுத்த பேட்டராக இருக்கவே முடியாது. வீக் நல்ல மனசுக்காரர், டோபிக்குக் கடைசிவரை தகப்பன் மாதிரி இருந்தவர், ஆனால் கதையைக் கொஞ்சம் தூக்கலாகத் தாளித்துத் தருபவர். தனக்கு வந்த வசவுக் கடிதங்கள் இருபதாயிரம் என்று அவர் சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள். கடிதங்கள் வந்தன, எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் நடந்ததற்கும் இரண்டு பக்கம் இருக்கிறது. பூட்ரோ அவரை ஃபர்ஸ்ட் பேஸில் ஆடச் சொன்னார். அந்த இடத்துக்குத் தனி வகைக் கையுறை வேண்டும், டோபியிடம் இல்லை. அங்கே வழக்கமாக ஆடும் எடி ராபின்சன் தன் கையுறையை அவருக்குத் தர மறுத்தார், அப்புறம் நிர்வாகத்திலிருந்து ஒருவர் போய்க் கேட்டதும் கொடுத்தார். கையுறை இப்படிக் கை மாறியது உண்மை. காரணம் நிறவெறியா, தன் இடத்தைப் பிடுங்குகிறார்களே என்ற கோபமா என்பதில்தான் சண்டை. எடி ராபின்சன் இரண்டாவதுதான் காரணம் என்று கடைசிவரை சொன்னார். அவர் மனசுக்குள் நான் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே நின்ற 23 வயதுப் பையனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

1947-இல் மீதிக் காலம் பெஞ்சில் போயிற்று. 29 ஆட்டம், 32 முறை பேட் செய்து 5 ஹிட், ஆவரேஜ் .156. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு வார்த்தை: பேஸ்பால் ஆவரேஜ் என்பது எத்தனை முயற்சியில் எத்தனை ஹிட் என்ற விகிதம்தான், அதாவது .300 என்றால் பத்துக்கு மூன்று, அது நல்ல ஆட்டம். பிட்சர் நான்கு தவறான பந்து போட்டதால் சும்மாவே முதல் பேஸுக்குப் போவதை வாக் என்பார்கள், அப்படிப் போவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது, அதைச் சேர்த்துப் பார்க்க ஆன்-பேஸ் சதவீதம் என்று வேறொன்று இருக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், டோபி விஷயத்தில் இதுதான் சூட்சுமம்.

1948-இல்தான் ஆட்டக்காரர் டோபி பிறக்கிறார். செகண்ட் பேஸில் கார்டன், ஷார்ட்ஸ்டாப்பில் மேனேஜர் பூட்ரோவே, பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டில் இடமே இல்லை. அதனால் தூரத்தில் இருக்கும் அவுட்ஃபீல்டுக்குப் போகச் சொன்னார்கள். சின்ன வயசிலிருந்து இன்ஃபீல்டில் குனிந்து தரைப்பந்து பிடித்தவர், 24 வயதில், அதுவும் மேஜர் லீக்கில், வானத்தைப் பார்த்து ஓடப் பழக வேண்டும். பயிற்சி கொடுத்தவர்களில் டிரிஸ் ஸ்பீக்கர் ஒருவர். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த சென்டர் ஃபீல்டர்களில் ஒருவர் அவர், டெக்சாஸ்காரர். பயிற்சி முகாம் நடந்த டூசானில் அணி தங்கிய ஹோட்டலில் டோபிக்கு அறை தரவில்லை. ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, காலையில் மைதானத்துக்கு வந்து, ஸ்பீக்கர் அடித்த பந்துகளைத் துரத்தினார். முதலில் ரைட் ஃபீல்ட், அந்த சீசன் முடிவதற்குள்ளேயே சென்டர் ஃபீல்ட். அந்த வருடம் 121 ஆட்டம், ஆவரேஜ் .301, 14 ஹோம் ரன். ஒரு புது இடத்தைக் கற்றுக்கொண்டே இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றைக்கும் நம்பமுடியாத விஷயம்.

அந்த வருடம் கிளீவ்லாண்ட், இரு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தது, அதன் பிறகு இன்றுவரை அந்த அணி ஜெயிக்கவில்லை. பாஸ்டன் பிரேவ்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில், கிளீவ்லாண்டில், 81,897 பேர் பார்க்க, ஜானி செய்ன் போட்ட பந்தை டோபி வேலிக்கு வெளியே அடித்தார். வேர்ல்ட் சீரிஸில் ஒரு கறுப்பின வீரர் அடித்த முதல் ஹோம் ரன். ஆட்டம் 2-1 என்று முடிந்தது, அந்த ஒரு அடிதான் வித்தியாசம். அன்றைக்கு பிட்ச் செய்து ஜெயித்தவர் ஸ்டீவ் குரோமெக், மிச்சிகனைச் சேர்ந்த வெள்ளைக்காரர். ஆட்டம் முடிந்து இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்துக்காக ஊரில் சிலர் தன்னைக் கேள்வி கேட்டார்கள் என்று குரோமெக் சொல்லியிருக்கிறார். இந்தத் தொடரில் டோபியின் ஆவரேஜ் .318.

சரி, எண்களுக்கு வருவோம். 1949 முதல் 1956 வரை எட்டு சீசன், ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாத ஹோம் ரன். அதில் ஐந்து சீசன் நூறுக்கு மேல் ஆர்பிஐ, அதாவது அவர் அடியால் வந்த ரன். 1949 முதல் 1955 வரை தொடர்ந்து ஏழு வருடம் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் தேர்ந்த வீரர்கள் ஆடும் அணியில் இடம். 1950-இல் ஆவரேஜ் .326, ஆன்-பேஸ் .442. அமெரிக்கன் லீக்கிலேயே அந்த வருடம் ஆன்-பேஸில் முதலிடம் அவருக்குத்தான், டெட் வில்லியம்ஸ் முழங்கை உடைந்து பாதி சீசன் வெளியே இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1952-இல் 32 ஹோம் ரன் அடித்து லீக்கில் முதலிடம், ஒரு கறுப்பின வீரர் அந்தப் பட்டத்தை வாங்கியது இரண்டு லீக்கிலும் சேர்த்து அதுவே முதல் தடவை. அதே வருடம் 104 ஆர்பிஐ, தன் அணியின் அல் ரோசன் 105 எடுத்ததால் அந்தப் பட்டம் ஒன்றில் போயிற்று. 1954-இல் 32 ஹோம் ரன், 126 ஆர்பிஐ, இந்த முறை இரண்டிலும் முதலிடம்.

இத்தனையும் ஒரு சென்டர் ஃபீல்டர் செய்தது. லெஃப்ட் ஃபீல்டிலோ ஃபர்ஸ்ட் பேஸிலோ நின்று 30 ஹோம் ரன் அடிப்பவர்கள் கிடைப்பார்கள், அங்கே ஓட்டம் குறைவு. சென்டர் ஃபீல்டில் ஒரு ஆளை முதலில் ஓடுவதற்காகத்தான் எடுப்பார்கள், பேட்டிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவர் ஃபீல்டிங்கைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, அந்தக் காலத்துப் படச்சுருள் குறைவு, இன்றைக்கு அளக்கிற மாதிரி ஒவ்வொரு பந்தையும் அன்றைக்கு யாரும் அளக்கவில்லை. ஒரே ஒரு உருப்படியான ஆதாரம் இருக்கிறது. ஜெயிக்கத் துடித்த ஒரு அணி, வருடக்கணக்கில் அவரை அந்த இடத்தைவிட்டு நகர்த்தவில்லை.

அவர் மேல் அன்றைக்குச் சொன்ன குறைகளையும் மறைக்கக் கூடாது. ஸ்ட்ரைக் அவுட் அதிகம், 1952-லும் 1953-லும் லீக்கிலேயே அதிகமாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் அவர்தான், 1953-இல் 121. அந்தக் காலத்தில் இதை அவமானமாகப் பார்த்தார்கள். அவர் ஆவரேஜும் 1950-க்குப் பிறகு .300-ஐத் தொடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்', 'யாரோடும் சேராதவர்' என்றெல்லாம் எழுதினார்கள். சக ஆட்டக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் தங்க முடியாமல், பல ஊர்களில் சாப்பிடவும் வேறு இடம் தேடிப் போக வேண்டியிருந்த ஒருவரைப் பார்த்து 'யாரோடும் சேராதவர்' என்று எழுத எப்படி மனசு வந்ததோ. ஆனால் கணக்காகப் பார்த்தால், அவர் 1951-இல் 101 வாக் எடுத்தார், இது மாதிரிதான் ஒவ்வொரு வருடமும். ஆவரேஜ் .283 என்று காட்டும் ஆள் மொத்தத்தில் ஆன்-பேஸ் .386 வைத்திருக்கிறார். அன்றைய பத்திரிகைகள் பார்த்த பத்தியில் வாக் இல்லை. அதனால் ஐம்பதுகளின் கண்ணில் அவர் இருந்ததைவிடச் சின்னவராகத் தெரிந்தார். லீக் சராசரியை 100 என்று வைத்து மைதானத்துக்கும் காலத்துக்கும் ஏற்பத் திருத்தும் ஒரு கணக்கு இன்று இருக்கிறது, அதில் டோபி சுமார் 136. அதாவது சராசரி பேட்டரைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், அதுவும் மொத்த வாழ்க்கைக்கும் சேர்த்து.

அப்படியானால் ஏன் 253-தான்? காரணம் எளிது, வருடங்கள் இல்லை. மொத்தம் 1,533 ஆட்டம்தான் ஆடினார். போர் இரண்டு வருடத்துக்கு மேல் தின்றது. 1946-இல் நீக்ரோ லீக்கில் அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது மேஜர் லீக்கில் அவருக்கு அனுமதியே இல்லை. 1947 பெஞ்சில் போயிற்று. கடைசி வருடங்களைக் காயங்கள் வெட்டின, 1957-58-இல் ஆட்டங்கள் குறைந்து, 1959-இல் முடிந்துவிட்டது. இதை வைத்து 'அவர் 400 அடித்திருப்பார்' என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை, அது ஜோசியம். இழந்த வருடங்களை நியாயமாகக் கூட்டினாலும் 300-ஐத் தாண்டியிருப்பார் என்றுதான் நான் சொல்வேன். எனக்கு அது தேவையும் இல்லை. 1948 முதல் 1956 வரை ஒன்பது வருடம், தன் லீக்கின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர், கடினமான இடத்தில் நின்று. ஹால் ஆஃப் ஃபேமுக்கு இது போதும்.

1954-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவர் பெயர் ஏன் அமுங்கியது என்பது அதில் தெரியும். கிளீவ்லாண்ட் அந்த வருடம் 111 ஆட்டம் ஜெயித்தது. ஹோம் ரன், ஆர்பிஐ இரண்டிலும் முதலிடம் டோபி. அந்த ஜூலையில் சொந்த மைதானத்தில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பின்ச் ஹிட்டராக வந்து ஹோம் ரன் அடித்தார். ஆனால் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது, லீக்கில் இரண்டாவது வந்த யாங்கீஸ் அணியின் யோகி பெராவுக்குப் போனது. டோபிக்கு இரண்டாமிடம், அவர் அணியின் பாபி அவிலாவுக்கு மூன்றாமிடம். நிறம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி முடிவுகட்ட மாட்டேன், .341 அடித்து பேட்டிங் பட்டம் வாங்கிய அவிலாவும் டோபியும் ஒரே அணியில் ஓட்டைப் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். அப்புறம் வேர்ல்ட் சீரிஸ். முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 2-2. கிளீவ்லாண்டின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்தை, எதிரணியான நியூயார்க் ஜெயன்ட்ஸின் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேல் பிடித்த அந்தக் காட்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அப்போது இரண்டாவது பேஸில் நின்றிருந்தவர் டோபி. அந்தப் பிடியால் அவர் மூன்றாவது பேஸ்வரைதான் போக முடிந்தது, கிளீவ்லாண்டுக்கு ரன் வரவில்லை, பத்தாவது இன்னிங்ஸில் தோற்றார்கள், தொடரையும் 4-0 என்று இழந்தார்கள். டோபி அந்தத் தொடரில் 16-க்கு 2, மிக மோசம். அந்த நேரத்தில் நியூயார்க் நகரத்தில் மட்டும் மேஸ், மிக்கி மேன்டில், டியூக் ஸ்னைடர் என்று மூன்று சென்டர் ஃபீல்டர்கள், நாட்டின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் அங்கே. கிளீவ்லாண்டில் இருப்பவரை யார் எழுதுவார்கள்?

1955 இறுதியில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றினார்கள், அடுத்த வருடம் அங்கே 24 ஹோம் ரன், 102 ஆர்பிஐ. 1957-இல் யாங்கீஸ் பிட்சர் ஆர்ட் டிட்மார் தலைக்கு நேராகப் பந்து எறிய, டோபி போய் ஒரு குத்து விட்டார், இரு அணிகளும் மைதானத்தில் உருண்டன. மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின வீரர் வெள்ளைக்கார வீரரை முதலில் கை ஓங்கியது இதுதான் என்று எழுதுவார்கள். சண்டை நடந்தது உறுதி, 'முதல்' என்ற சொல்லுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கடைசி வருடங்கள் கிளீவ்லாண்ட், டெட்ராய்ட், மறுபடி சிகாகோ என்று வேகமாகப் போயின. 1962-இல் ஜப்பானில் நகோயாவின் சூனிச்சி டிராகன்ஸுக்கு டான் நியூகோம்போடு போய் ஆடிவிட்டு முடித்துக்கொண்டார்.

இப்போது 'சலுகை' என்ற வாதத்தைத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள். ராபின்சன் 1962-இல், தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார், அது சரிதான். டோபி பெயர் அறுபதுகளின் நடுவில் பத்திரிகையாளர்களின் ஓட்டுக்கு வந்தபோது, 75 சதவீதம் வேண்டிய இடத்தில் அவருக்கு ஐந்து சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்ததற்காகச் சலுகை கொடுப்பதென்றால் அன்றைக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? 1974-இல் கிளீவ்லாண்டில் கோச்சாக இருந்தார், அணியின் அடுத்த மேனேஜர் அவர்தான் என்று பேச்சு இருந்தது. வேலை ஃபிராங்க் ராபின்சனுக்குப் போனது, மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர் அவர். 1978 ஜூன் 30-இல், அப்போது ஒயிட் சாக்ஸை வைத்திருந்த அதே பில் வீக், டோபியை மேனேஜர் ஆக்கினார். இரண்டாவது கறுப்பின மேனேஜர், மறுபடியும் இரண்டாவது, மறுபடியும் ஒரு ராபின்சனுக்குப் பின்னால்! 37 வெற்றி, 50 தோல்வி. சீசன் முடிந்ததும் போய்விட்டது. அணியே பலவீனமானது, 87 ஆட்டத்தை வைத்து அவர் நல்ல மேனேஜரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளீவ்லாண்ட் அவருடைய 14-ஆம் எண்ணை 1994-இல்தான் ஓய்வு கொடுத்து ஒதுக்கியது. மூத்த வீரர்களுக்கான குழு அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது 1998-இல். அப்போது அவருக்கு 74 வயது, கடைசி மேஜர் லீக் ஆட்டம் ஆடி 39 வருடம் ஆகியிருந்தது. 1997-இல் ராபின்சனின் ஐம்பதாம் ஆண்டை நாடே கொண்டாடியதால் பக்கத்தில் இருந்த டோபியின் பெயரும் வெளிச்சத்துக்கு வந்தது என்பதை நான் மறுக்கவில்லை, அந்த அளவுக்கு உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. குழுவில் யார் எதற்காக ஓட்டுப் போட்டார்கள் என்பது அவரவர் மனசுக்குத்தான் தெரியும். ஆனால் நினைவுபடுத்தியது ஆண்டுவிழா என்றாலும், தகுதி ஐம்பதுகளின் ஸ்கோர் ஷீட்டிலேயே எழுதியாகிவிட்டது. டோபி 2003-இல் இறந்தார். அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கத்தை 2023 டிசம்பர் 13-இல், அவருடைய நூறாவது பிறந்த நாளன்று, அவர் குடும்பத்திடம் கொடுத்தார்கள்.

கடைசியாக, எண்கள் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்ற கேள்வி. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக்குகளாக ஏற்றுக்கொண்டது. 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தது. அதனால் நியூவர்க் ஈகிள்ஸில் டோபி அடித்ததும் இப்போது அவர் கணக்கில் வருகிறது. நீங்கள் கொடுத்திருக்கும் .283, 253, அவற்றோடு வரும் 970 ஆர்பிஐ என்பவை அமெரிக்கன் லீக் எண்கள் மட்டும், பழைய புத்தகங்களில் இவைதான் இருக்கும். புதுப்பித்த தளங்களில் மூன்றுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இரண்டும் சரிதான், எதைக் கூட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீக்ரோ லீக் ஆட்டங்களில் பலவற்றின் ஸ்கோர் ஷீட் இன்னும் கிடைக்கவில்லை, பழைய பத்திரிகைகளில் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் அந்தப் பகுதி எண்கள் அவ்வப்போது மாறும். வேறொரு ஐம்பதுகளின் ஆட்டக்காரரோடு அவரை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அமெரிக்கன் லீக் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆவரேஜை விட்டுவிட்டு ஆன்-பேஸ் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.